பொட்டு வைத்த இன்ஜின்

போன வாரம் மன்னார்குடியில் ஒரு பம்ப்செட் கடை. சேர் போட்டார்கள், எனக்குத்தான் உட்கார முடியவில்லை. பக்கத்தில் என் தம்பி செல்வம். எதிரே, அவன் நான்கு நாள் முன்பு வாங்கிய டீசல் இன்ஜின்... திருப்பிக் கொடுப்பதற்காக.

ஏன் வாங்கினான்? ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை டெல்டாக்காரர்களுக்குத் தூக்கம் வராது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் காணோம். குட்டையிலிருந்து இறைத்துக்கொள்ளலாம் என்று, நடவுக்கூலிக்கு வைத்திருந்த பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி இன்ஜின் வாங்கிவிட்டான். மறுநாளே வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

விடிந்தால் நடவு. ஆட்களுக்குச் சொல்லியாயிற்று. கூலிப் பணமோ இன்ஜினாக நிற்கிறது.

"டீசல்கூட ஊத்தலைங்க" என்றான் செல்வம்.

கடைக்காரர் இன்ஜினைச் சுற்றி வந்தார். டேங்க் மேல் விரலை வைத்தார். "பொட்டு வச்சிருக்கீங்களே."

வைக்காமல்? சைக்கிள் வாங்கினாலும் ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சந்தனம் குங்குமம் வைத்த பிறகுதானே நமக்கு மற்ற வேலை.

"பெட்டியைப் பிரிச்சாச்சு. குங்குமம் பெயின்ட்டுல இறங்கிடுச்சு. இதை எப்படிங்க புதுசுன்னு விக்கிறது? பதினஞ்சு பர்சென்ட் கழிச்சுத்தான் தர முடியும்."

இதற்கு ரீஸ்டாக்கிங் சார்ஜ் என்று நாகரிகமான பெயர். திரும்பி வந்ததைச் சோதித்து, பெட்டியில் போட்டு, மறுபடி விற்பனைக்கு வைக்கிற செலவாம். "முன்னாடியே சொல்ல வேண்டாமாங்க?" என்று எகிறினேன். அவர் நிதானமாகச் சுவரைக் காட்டினார். காலண்டருக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டு ஒரு போர்டு! எனக்கு வந்த ஆத்திரத்தில் காலண்டரைக் கிழித்திருப்பேன்.

ஆகவே, பணத்தை நீட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள் — திருப்பினால் எவ்வளவு கழிப்பீர்கள், எத்தனை நாளுக்குள் வரவேண்டும், பணமாகத் தருவீர்களா, வேறு பொருள்தானா? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மனசு ஊசலாடும்வரை பெட்டியைப் பிரிக்காதீர்கள். பொருளே பழுதென்றால் கழிவுக்குச் சம்மதிக்காதீர்கள். அது உங்கள் தப்பில்லை. பொட்டா? சாமிக்கு ஒன்றும் அவசரமில்லை.

நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இன்ஜின் விலை கேட்க வந்திருந்த ஒருவர் குறுக்கே வந்தார். முத்துப்பேட்டைப் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் விவசாயி.

"பொட்டு வச்சா என்னங்க, நானும் வைக்கத்தானே போறேன். அதே விலைக்கு எனக்குக் குடுத்துடுங்க."

கடைக்காரருக்கும் சம்மதம். பில்லை அவர் பெயருக்கு மாற்றிவிடலாம், கழிவு கிடையாது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. முத்துப்பேட்டைக்காரர் பணத்தை எண்ணிக்கொண்டே கேட்டார். "உங்க பக்கம் தண்ணி வந்துடுச்சுங்களா?"

செல்வம் என்னைப் பார்த்தான். வந்துவிட்டது என்றால் அவர் மனசு மாறலாம். நடவு நிற்கும். சொல்லித் தொலைக்காதே என்று உள்ளுக்குள் பதறினேன். ஆமாம், அப்படித்தான் பதறினேன்.

"வந்துடுச்சுங்க" என்றான் அவன். "அதான் திருப்புறேன். உங்களுக்கும் நாலு நாள்ல வந்துடலாம். அப்புறம் நீங்க இதைத் தூக்கிக்கிட்டு அலையக் கூடாது. யோசிச்சுக்குங்க."

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"எங்களுக்கு வராதுங்க தம்பி. நீங்கள்லாம் போதும்னு விட்டாத்தானே வரும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முழுப் பணமும் கைக்கு வந்தது. வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊர் வந்ததும், செல்வம் சட்டையைக்கூட மாற்றாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான்; நானும் பின்னாலேயே போனேன். நடவுக்குத் தேவையான தண்ணீர் எப்போதோ நிரம்பி, வரப்பு வழிந்து வடிகாலில் ஓடிக்கொண்டிருந்தது. நாலு வெட்டு மண் போட்டு மடையை அடைத்தான். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, வாய்க்காலோடு தெற்கே திரும்பியது.

"முத்துப்பேட்டை வரைக்கும் போய்ச் சேருமாடா?" என்றேன்.

"போற வழியில நம்மள மாதிரி எத்தனை பேர் மடையைத் திறந்து வச்சிருக்காங்களோ..."

முழுசாகத் திருப்பிக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வருகிறது — கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன பயன்?