எழுபத்தொரு நாள் என்று சொன்னேன்

மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றின் டைம் ஆபீசில் எனக்கு வேலை. யார் எத்தனை நாள் வந்தார்கள் என்ற கணக்கு முழுவதும் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். யாராவது எதையாவது கேட்டால், அவர் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு உண்டு. அந்த அரிப்பால் ஒருவருடைய பிரசவ விடுப்பு போகப் பார்த்தது.

அவர் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த அக்கா. டிசம்பர் தொடக்கத்தில் சேர்ந்தார். சேரும்போதே நாலு மாதம். இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓவர்கோட் பொங்கல் வரைக்கும் மறைத்தது. அதற்குமேல் அதாலும் முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் திருக்கழுக்குன்றத்தில் ஏறி, செங்கல்பட்டில் ஏறும் எனக்குப் பக்கத்தில் சீட் பிடித்து வைத்திருப்பார்.

மார்ச்சில் ஒருநாள் கேட்டார். "ரத்தக் கொதிப்பு ஏறிக்கினே போவுதாம். இந்த சனிக்கெயமையோட நிறுத்திக்கன்றாரு டாக்டரு. எனுக்கு லீவு தருவாங்களா? சம்பளத்தோட?"

விதி எனக்கு மனப்பாடம். பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் எண்பது நாள் அந்தக் கம்பெனியில் வேலை செய்திருந்தால், முதல் குழந்தைக்கு இருபத்தாறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அவர் சம்பளம் இ.எஸ்.ஐ. காப்பீட்டு வரம்பைத் தாண்டியது என்பதால் கம்பெனியே தர வேண்டும். ஆபீசுக்குப் போனதும் அவருடைய பஞ்ச் பதிவுகளைச் சனிக்கிழமை வரை கூட்டினேன். மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"எழுபத்தொண்ணுதான் வருதுக்கா. ஒம்போது நாள் கொறையுது."

"அப்போ நின்னுக்க வேண்டியதுதான்" என்று தயிர்சாதத்தைப் பிசைந்தார்.

அந்த உற்பத்தி லைனில் வேலையிலிருந்து நின்றுகொள்வதற்கு ஒரு முறையே இருந்தது. ஏழாம் மாதம் ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று தொடங்கும் மாதிரி ஒன்று போன் போனாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கடைசி நாள் பஸ் கேட்டைத் தாண்டியதும் கூட வேலை செய்பவர்கள் வளையல் போடுவார்கள். உள்ளே மெஷின் பக்கம் கண்ணாடி வளையலுக்கு அனுமதி இல்லை. பஸ்ஸில் தடுக்க ஆளில்லை. சனிக்கிழமை அக்காவும் கடிதம் கொடுத்தார்; பஸ்ஸில் நானும் அவருக்கு இரண்டு வளையல் போட்டேன்.

மறுநாள் காலையில், அஞ்சல் வழியில் படிக்கும் தொழிலாளர் சட்ட டிப்ளமோவுக்காகப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த எண்பது நாளுக்குக் கீழே ஒரு விளக்கம் இருந்தது. கம்பெனி வேலை இல்லை என்று லே-ஆஃப் விட்ட நாட்களும், சம்பளத்துடன் விட்ட பண்டிகை விடுமுறைகளும் கணக்கில் சேரும் என்று. பலமுறை படித்த பக்கம்தான். விளக்கத்தை மட்டும் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

டிசம்பர் கடைசியில் ஆர்டர் இல்லாமல் ஒன்பது நாள் லே-ஆஃப். பொங்கலுக்கு மூன்று. குடியரசு தினம் ஒன்று. எண்பத்து நாலு.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "லெட்டர் என் டேபிள்ல இருக்கும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடுவேன். அதுக்குள்ள அவங்களே வாபஸ்னு எழுதிக் குடுத்தா பாக்கலாம். நீ சொன்னா ஆகாது" என்றார். அக்கா போனை எடுக்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கடலை ஒட்டிய குப்பத்தில் அவருடைய அம்மா வீட்டில் அன்று வளைகாப்பு.

நான் போனபோது முடிந்து, பந்தியில் புளிசாதம் ஓடிக்கொண்டிருந்தது. "ஆபீசு பொண்ணா? மொதல்ல துன்னு" என்று இலை போட்டார் அவருடைய அம்மா. சாப்பிடாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"நாளு எண்ணத் தெரியாதவள இன்னாத்துக்கு ஆபீசுல குந்த வச்சிகீறாங்க?" என்றார் அம்மா. பந்தியே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு இல்லன்ன. இன்னிக்கு கீதுன்ற. நாளைக்கு அந்த சாரு இல்லன்னாருன்னா? கேட்டதுக்கு அப்பால என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்களா?"

"லீவுல இருக்கும்போது வேலைய விட்டுத் தூக்கக் கூடாதுக்கா. சட்டம்."

"அது உன் புக்குல." போனைக் கையில் எடுத்தார். பிறகு, "அந்தப் பதிமூணு நாளு எதெதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு" என்றார்.

சொன்னேன். போனில் பழைய மெசேஜ்களைத் தேடியபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். லே-ஆஃபின் நாலாவது நாளில் நிறுத்தினார்.

"அன்னிக்கு ஒரு லாட்டு செக் பண்ணணும்னு என்னை மட்டும் கூப்டாங்க. போனேன், பஞ்ச் அடிச்சேன். அது உன் எழுபத்தொண்ணுலயே கீதுடி. ரெண்டு தபா எண்ணிகீற."

போனில் படம் எடுத்து வைத்திருந்த பஞ்ச் பதிவைப் பார்த்தேன். உண்மைதான். எண்பத்து மூன்று.

"மீன்புடி தடைக்காலத்துல போட்டு கரையில கெடந்தா, அத்த போட்டு இல்லன்னா சொல்லுவோம்? எய்தி குடு" என்றார் அம்மா, சாம்பார் வாளியுடன் நடந்துகொண்டே.

"வேணாம்னு சொன்னாலும் எய்தத்தான் போறேன். இவளுக்காவ இல்ல. எண்பத்தி மூணு வருது, அதுக்காவ." கை நிறைய இருந்த வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, ராஜினாமாவை வாபஸ் வாங்கி ஒரு கடிதமும் விடுப்புக்கு ஒரு விண்ணப்பமும் எழுதினார் அக்கா. டாக்டர் சீட்டும் கொடுத்தார். அதன் பிறகே நான் இலையில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மேனேஜர் மேஜையில் வைத்தேன். "போன்ல எண்பத்து நாலுன்னியே?" என்றார். ஏன் குறைந்தது என்று சொன்னேன். பென்சிலால் அவரும் ஒருமுறை எண்ணினார்.

"இந்த லைன்ல யாருமே லீவு கேட்டதில்லையேம்மா."

"லெட்டர் குடுத்துட்டுப் போயிடுறாங்க சார்."

அவர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ராஜினாமாக் கடிதத்தின் குறுக்கே கோடு போட்டார். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "பாத்தேன். என்னிக்குத் திரும்ப வரணும்னு தேதி போட்டு அனுப்பு. அவசரப்படாம எண்ணு."

காலண்டரில் விரல் வைத்து இருபத்தாறு வாரத்தை முன்னும் பின்னுமாக மூன்று முறை எண்ணினேன். பிறகுதான் தேதியை அனுப்பினேன்.