பாரை மீனும் பத்து ஓவரும்

குருநகர் அம்பயர் கனிசியஸுக்குப் பத்து ஓவர் ஆட்டத்தில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். உதெல்லாம் ஒரு கிரிக்கெட்டோ? அந்த நாளில் இரண்டு நாள் ஆட்டம். காலையில் இறங்கினவன் மத்தியானச் சோறு, பின்னேரத் தேத்தண்ணி எல்லாம் முடித்துத்தான் ஆறுதலாக அவுட் ஆவான். இப்பத்தைப் பொடியள் போறதும் தெரியாது, வாறதும் தெரியாது.

"உவங்கள் ஏன் இப்பிடி அந்தரப்படுறாங்கள்? ஏதோ ஒளிக்கிறாங்கள்," என்று மட்டையைத் தட்டிப் பார்ப்பார், பந்தை மணந்து பார்ப்பார். டாஸ் போடுகிற காசுக் குத்தியையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். ஆனாலும் கோயில் பெருநாள் ஆட்டத்துக்கு அம்பயர் அவர்தான். முகம் பார்த்து விரல் தூக்காத மனிசன் என்ற பேர் அவருக்கு உயிர்.

பெருநாள் ஆட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம், ஒரு அணியின் கப்டன் ஜெயசுதன் பெரிய பாரை மீன் ஒன்றை அவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஏனப்பா வாங்கினனீர்? சும்மா தாறானே?" என்று மனைவி சிசிலியாவில் பாய்ந்தார். சிசிலியா காரணம் சொல்ல வாயெடுத்தார், மனிசன் கேட்டால்தானே! குழம்பு மணக்க மணக்க, சம்பலோடு சோறு தின்றார்.

மறுநாள் ஜெயசுதன் வெளுத்து வாங்கினான். ஒரு பந்து காலில் பட, எதிரணி அவுட் கேட்டுக் கத்தியது. அது முதலில் மட்டையில் பட்ட சத்தம் கனிசியஸுக்கு வடிவாகக் கேட்டது. மட்டையில் பட்டால் அவுட் இல்லை. ஆனால் பாரை மீன் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவுட் இல்லையெண்டால் ஊர் என்ன கதைக்கும்? விரலைத் தூக்கிவிட்டார்.

ஜெயசுதன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான். அடுத்தவன் ஓடிவந்து நின்றான், அடுத்த பந்தும் வந்துவிட்டது. சீ, மனம் மாறக்கூட நேரம் தராத ஆட்டம்! ஜெயசுதனின் அணி தோற்றது.

ஆட்டம் முடிய, கனிசியஸ் பொறுக்கமாட்டாமல் அவனிடம் போனார்.

"நேற்று ஏன் மீன் தந்தனீ?"

"புதுப் படகெல்லே அண்ணை. முதல் பிடிச்ச மீனை எங்கடை ஒழுங்கையிலை எல்லா வீட்டுக்கும் குடுத்தனான்."

"அப்ப, மட்டையிலை பட்டதுக்கு ஏன் வாய் திறக்கேல்லை?"

"பட்டது மாதிரித்தான் கிடந்தது. நீங்கள் விரல் தூக்கினாப் பிறகு, பிழை என்னிலைதானாக்கும் எண்டு வந்திட்டன்."

சுற்றிவரச் சனம் நின்றது. கனிசியஸ் தொப்பியைக் கழற்றினார்.

"பட்டது ராசா," என்றார், எல்லாருக்கும் கேட்க. "எனக்குக் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் தூக்கினனான்."