பீரோவுக்கு இடப்பக்கம்

என் மாமியாரும் மாமனாரும் விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். ஓர் இரும்பு பீரோ, கட்டில், பெஞ்சு, கைப்பிடி ஆடும் நாற்காலி, தையல் மெஷின் எல்லாம் பின்னால் கப்பலில் வந்தன. இந்தப் பழைய சாமானையா கடல் தாண்டிக் கொண்டு வருவது என்று போனில் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். நான் சரக்கு வேன் ஓட்டுகிறவன். எதை ஏற்றலாம், எதை விட்டுவிட்டு வரலாம் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் மாமியாரிடம் வாதாடி ஜெயித்த மருமகனை நான் இன்னும் பார்த்ததில்லை.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. மாமனாருக்குக் கண் தெரியாது. மிக்ஸி, ஃபேன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி பார்வையை முழுசாக வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய வீட்டுக்குள் யார் துணையும் இல்லாமல் நடமாடினார். பெஞ்சின் முனையைத் தொட்டு நேராகப் போனால் சமையலறை. பீரோவைத் தொட்டு இடப்பக்கம் திரும்பினால் பின்கதவு, கதவைத் திறந்தால் குழாயடி. சாமான்தான் அவருக்குக் கண் என்பது மாமியார் கட்சி.

சாமான் வரும்வரை எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை நாள் சாப்பிடுவது என்று மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. அதே தெருவில் ஒரு மாடி வீடு பார்த்தார். டைலர் இல்லையா, துணி பிடித்துக் குறைத்துத் தரும் கடை ஒன்றில் வேலையும் தேடிக்கொண்டார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி நர்ஸ், பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் இருப்பாள். நான் வேனில் இருப்பேன். ஆக, திங்கட்கிழமை காலையிலிருந்து மாமனார் தனியாக இருக்க வேண்டும். அதுதான் எங்கள் எல்லோருக்கும் கவலை.

சனிக்கிழமை சாமான் வந்து இறங்கியது. பழைய வீட்டில் எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்று மாமியார் இன்ச் டேப்பால் அளந்து மனசில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இங்கே தரையில் மண்டி போட்டு, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் குறித்தார். இரண்டு விரல் தள்ளிப்போனாலும் விடவில்லை. பீரோவை நகர்த்தி நகர்த்தி எனக்கும் என் மனைவிக்கும் இடுப்பு கழன்றது. சாயங்காலம் மாமனாரைக் கொண்டு வந்து நிறுத்தினோம். பெஞ்சைத் தொட்டார், நாற்காலியைத் தொட்டார், வாயெல்லாம் பல்லாக ஒரு சுற்று சுற்றி வந்தார். மாமியார் கட்சியே ஜெயித்தது.

ஞாயிறு காலை பால் பாக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் மேலே கதவு திறந்தது. தோளில் துண்டோடு மாமனார் நின்றார். முகம் கழுவப் போகிறவர் மாதிரி சாவதானமாக வலது காலைத் தூக்கி வெளியே வைக்கப்போனார். அவருக்கு அது குழாயடி. இந்த வீட்டில் பீரோவுக்கு இடப்பக்கம் இருப்பது செங்குத்தான மாடிப்படி. பார்வை உள்ள மூன்று பேர் ஒரு நாள் முழுக்க அளந்து வைத்தோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார். "மாமா, அப்படியே நில்லுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். கால் அந்தரத்தில் நின்றது. பிறகு பின்வாங்கியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளே பஞ்சாயத்து தொடங்கியது. உள்தாழ்ப்பாள் இருக்கிறதே என்றேன். அதை அவர் தானே திறந்துகொண்டுதான் வந்திருந்தார். அந்தப் பக்கம் படி என்பதும் அவருக்குத் தெரியும், முந்தின நாள் அதில்தானே ஏறி வந்தார். வெளியே பூட்டிவிட்டுப் போகலாம் என்றார் மாமியார். வீடு தீப்பிடித்தால் அப்பா என்ன செய்வார் என்று என் மனைவி கேட்டாள். அப்படியென்றால் வேலையே வேண்டாம் என்று மாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பூட்டே மேல் என்று நான் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், பூட்டு வாங்கக் கடைக்குப் போக.

மாமனார் குறுக்கிட்டார்.

"பூட்டெல்லாம் வேண்டாம். சாமானை எல்லாம் மாத்திப் போடு."

"உங்களுக்காகத்தானே இதையெல்லாம் கட்டிக்கிட்டு வந்தேன்" என்றார் மாமியார்.

"தெரியும்மா. பீரோவைத் தொட்டா நான் அந்த வீட்டுக்குப் போயிடறேன். நான் என்ன சொன்னாலும் கால் கேக்க மாட்டேங்குது. எதைத் தொட்டாலும் இது வேற வீடுன்னு தெரியணும்."

மாமியார் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே ஈரத்துணியால் சாக்கட்டிக் கோடுகளைத் துடைத்தார். பீரோ எதிர்ச் சுவருக்குப் போனது, பெஞ்சு ஜன்னலடிக்கு, கட்டில் திசை மாறியது. சனிக்கிழமை ராஜா மாதிரி நடந்த மனிதர் ஞாயிறு சாயங்காலம் போன இடமெல்லாம் முட்டிக்கொண்டு நின்றார். இந்த யோசனை சரிதானா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை மாமியார் கதவைச் சாத்தி மட்டும் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மத்தியானம் நான் மாமனாருக்குப் போன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன், அதே கதை. வேன் நிறைய சரக்கு, ஊரின் அந்தக் கோடியில் நான். அன்றைக்கு எந்தக் கடையில் எதை இறக்கினேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. சாயங்காலம் தையல் கடை வாசலில் மாமியாரை ஏற்றிக்கொண்டேன். போன் எடுக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் முயன்று பார்த்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

படிக்கட்டின் அடியில் யாரும் விழுந்து கிடக்கவில்லை. மாமியார் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினார்.

மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. போனை ஏன் எடுக்கவில்லை என்று மாமியார் கத்தினார். சமையலறையில் இருந்தாராம், தடவிக்கொண்டு வருவதற்குள் ஓய்ந்துவிட்டதாம். நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று திட்டியபடியே மாமியார் மருந்து தடவினார்.

"நாளைக்கே இந்த பீரோவை எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார்.

"வேண்டாம். மூலை மட்டும் கூரா இருக்கு, துணி வெச்சுத் தைச்சு மாட்டிவிடு" என்றார் மாமனார். "இடத்தை மட்டும் மாத்திடாதே. இப்பதான் பழகியிருக்கேன்."