பஸ் முழுக்க எனக்கு இனிப்பு ஊட்டியது

மயிலாப்பூரில் தி.நகர் பஸ் ஏறி உட்கார்ந்ததும் என் போன் அலறியது. கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை சென்சாரின் அலாரம் அது. அறுபத்திரண்டு, இன்னும் இறங்குகிறது. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கோயிலுக்குக் கிளம்பிய என் புத்திசாலித்தனம்.

கைப்பையில் எப்போதும் இருக்கும் மிட்டாய் இன்று இல்லை.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாமா, இப்டி வேர்த்துக்கினு கீது?"

"சுகர் இறங்கிடுச்சுங்க. இனிப்பா ஏதாவது இருக்கா?"

அவ்வளவுதான். அவர் பையிலிருந்து கடலை மிட்டாய் வந்தது. முன் சீட்டு மாமி சர்க்கரைப் பொங்கல் தொன்னையை நீட்டினார். "பிரசாதம், வேண்டாம்னு சொல்லப்படாது." எங்கிருந்தோ ஒரு மாம்பழ ஜூஸ் கைமாறி வந்து சேர்ந்தது. தான் கொடுத்ததை நான் விழுங்கும்வரை ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. சர்க்கரை நோய் வந்த ஆறு வருடமாக எல்லோரும் என்னிடமிருந்து பிடுங்கிய இனிப்பு.

கண்டக்டர் சென்சாரை உற்றுப் பார்த்தார். "இதுக்கு சார்ஜ் எங்க போடுவீங்க?"

"உள்ளேயே பேட்டரி இருக்கு. ரெண்டு வாரம் வரும்."

"இத்தினூண்டுல ரெண்டு வாரமா? என் போன் மத்தியானம் தாண்ட மாட்டேங்குது."

அதன்பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவரே ஸ்கோர் கேட்டார். தொண்ணூறைத் தொட்டதும் பின் சீட்டில் யாரோ கைதட்டினார்கள்.

தி.நகரில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது அலாரம் மறுபடி அடித்தது. இருநூற்று நாற்பது.

இந்த முறை பாகற்காயோடு ஒருவரும் ஓடி வரவில்லை. தி.நகர்க்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.