கைநாட்டு வைக்காத கிராணி

தேயிலைத் தோட்டத்தில் கிராணி எனும் குமாஸ்தா வேலை என்பது யார் வந்தார், யார் வரவில்லை என்று அடுத்தவர் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டே இருப்பது. தன் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று விழும் நாளுக்கு அதில் பயிற்சி எதுவும் தருவதில்லை.

மலாய் நாட்டுப் பிரிஞ்சாங்கிலிருந்து மலைப்பாதையில் உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக பெரட்டுக் கிராணியாக இருக்கிறேன். பெரட்டு என்றால் காலையில் வேலையாட்களைக் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. போன மழைக்காலத்தில் எனக்கு முடக்குவாதம் வந்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். ஏழு மாதம் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டில் காலம் ஓடியது. நீண்ட நாள் எம்.சி.யில் இருக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியும்: நம்மைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்து ஒரே கேள்வியில்தான் வந்து நிற்பார்கள். எப்போது வேலையை விடப் போகிறீர்கள்? என் விஷயத்தில் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கிராணிமார் குடியிருப்பில் வேலை உள்ளவரைதான் சாவி.

வாதம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னைப் பார்ப்பவர் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். முடக்குவாதம் என்று அவர் சொன்னதும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வாதம் என்ற சொல்லுக்கு நோய் என்றும் பொருள், வழக்காடுவது என்றும் பொருள். ஆகவே முடக்குவாதம் என்றால் வாதத்தால் முடங்குவதா, முடங்கிக் கிடந்தே வாதம் பண்ணுவதா என்று விளக்கமாகக் கேட்டேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அங்கிள், இங்க வர்றவங்க எல்லாம் எங்க வலிக்குதுன்னு சொல்வாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லுக்கு அர்த்தம் சொல்றீங்க. கைய நீட்டுங்க லா."

ஜன்னல்

எனக்குப் பதிலாகப் பெயர் கூப்பிட வந்தவர் குமரேசன். தொழிற்சாலைப் பக்கத்துக் கிராணி, நல்ல பையன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். மைலோ டின் ஒன்று, ஆரஞ்சு ஆறு. குமரேசன் என் முழங்காலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்; அவர் மனைவி வள்ளி என் வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நன்றாக வருகிறதா, பின்பக்கம் சுவர் ஈரம் கசிகிறதா, சமையலறை ஜன்னல் எத்தனை அடி.

என் மனைவி சரோஜா தேநீர்க் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் அளவு எதற்கு என்று கேட்டாள். வள்ளி வெள்ளை மனசுக்காரி. மறைக்கத் தெரியாது.

"சும்மாதான் அண்ணி. எங்க வீட்டு கர்ட்டன் இதுக்குப் பத்துமான்னு பார்த்தேன்."

ஆஜர்

எங்கள் பெரட்டில் இப்போது தமிழர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். பெயர் கூப்பிட்டால் தமிழர் 'ஆஜர்' என்பார். இந்தோனேசியர் 'ஹாடிர்' என்பார். வங்காளி 'ஹாஜிர்' என்பார். மூன்றும் அரபு மொழியின் ஒரே சொல்லுக்குப் பிறந்த பிள்ளைகள். இதை இருபத்திரண்டு வருஷத்தில் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு காலையும் ஆச்சரியப்பட்டேன்.

பெயரைச் சரியாகக் கூப்பிடுவது என் பைத்தியம். ரொஃபிகுல் என்று ஒருவன், ஷொஃபிகுல் என்று ஒருவன். குமரேசன் இரண்டு பேரையும் 'ரபிக்' என்றே கூப்பிட, முதல் 'ரபிக்'குக்கே இரண்டு பேரும் சேர்ந்து 'ஹாஜிர்' சொல்லியிருக்கிறார்கள். அடுத்த 'ரபிக்'குக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த ரொஃபிகுல் புத்தகத்தில் வரவில்லை. இப்படி ஒரே வாரத்தில் மூன்று நாள்.

அவன் நேரே என் வீட்டுக்கு வந்தான். அவனுக்குத் தமிழ் வந்ததே என் பெரட்டில்தான். நான் முழங்காலைக் காட்டினேன், வீங்கிய விரலைக் காட்டினேன், எப்படி வருவேன் என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தான்.

"கிராணி, கால் வேணாம். கை வேணாம். வாய் மட்டும் கொண்டு வா."

கீழே வைப்பது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த மாதம் நான் வேலையை விடுவதென்று முடிவு செய்திருந்தேன். அந்த வாரம் சட்டைப் பொத்தானைக்கூட சரோஜாதான் போட்டுவிட்டாள். அவள் திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் வேலை செய்கிறாள். எனக்குப் பொத்தான் போட்டதில் இரண்டு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். "விட்டுடுங்க, ஈப்போவுல தங்கச்சி வீடு இருக்கு. வெயில் ஊரு, மூட்டுக்கு நல்லது" என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். வலி வந்தவனுக்கு வீறாப்பு எல்லாம் காலை எட்டு மணிக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன்னால் விரல் மடங்காது.

சின்னத் துரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், வந்தது ஏழரை மணிக்கு. கோலாலம்பூர்த் தமிழ்ப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கடிதத்தை ஆபீஸிலேயே மலாயில் அடித்துக் கொண்டுவந்திருந்தார். 'லெத்தாக் ஜவாத்தான்' என்று தலைப்பு. மலாயில் பதவி விலகுவதற்கு அதுதான் சொல்; பிரித்துப் பார்த்தால் பதவியைக் கீழே வைப்பது. நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் கீழே வைப்பதாக அதில் இருந்தது. கீழே வைக்க வேண்டுமென்றால் முதலில் கையில் பிடிக்க முடிய வேண்டாமா என்று கேட்டேன். சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கினேன்.

விழுந்தது. சரோஜா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி, என் பெயரின் முதல் எழுத்தில் பாதி போட்டேன். அதற்குள் சின்னத் துரை பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்துவிட்டார். முன்யோசனையோடுதான் வந்திருக்கிறார். கனிவாகத்தான் சொன்னார்.

"கஷ்டப்படாதீங்க கிராணி. கைநாட்டு வெச்சிடுங்க, போதும்."

வெந்நீர்

அவர் மேல் தவறில்லை. அவர் வளர்ந்த ஊரில் கைநாட்டு என்பது ஒரு மைக்கறை. தோட்டத்தில் அது ஒரு வசவு. எழுத்து தெரியாதவனைக் 'கைநாட்டு' என்றுதான் சொல்வார்கள். ஆட்களின் பெருவிரலைப் பிடித்துப் பிடித்துத் தாளில் ஒற்றவைத்தது நான். பிறகு அவர்களைச் சாயங்காலம் உட்காரவைத்து, பெயரை மட்டுமாவது எழுதப் பழக்கியதும் நான். மைப்பெட்டியை மூடி அவர் கையில் கொடுத்தேன். கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்றேன். பிழை உண்மையாகவே இருந்தது.

அவர் போன பிறகு சரோஜா ஈப்போப் பேச்சை எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அகலப் பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.

"கைய இதுல விடுங்க. மடங்கினதும் நீங்களே ஒரு கடுதாசி எழுதுங்க. தப்பு இல்லாம எழுதுங்க, உங்க மானம் போவும்."

எந்த ஃபைல்

மூன்று வரி. எழுதி முடிக்க மதியம் ஆனது. வேலையை விடும் எண்ணம் எனக்கு இல்லை. உட்கார்ந்து பெயர் கூப்பிடுவது டாக்டர் போன மாதமே அனுமதித்த இலேசான வேலை, அவர் கொடுத்த சீட்டை இணைத்திருக்கிறேன். என்னை அனுப்புவதென்றால் நீங்கள் அனுப்புங்கள், நானாகப் போனேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். எல்லாம் மலாயில், ஒழுங்கான மலாயில். கையெழுத்து மட்டும் தமிழில். கோணல்தான். ஆனால் எழுத்து.

கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரியில் முன்சீட்டில் உட்கார்ந்து ஆபீஸுக்குப் போனேன். பெரிய கிராணி முனியாண்டி ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிறவர். கண்ணாடியைப் போட்டு ஒருமுறை படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுமுறை படித்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அகராதி புடிச்ச ஆளுலா நீ. வேலைய விடுறேன்னு கடுதாசி வரும், ஃபைல் இருக்கு. விடமாட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் எழுதலையே, இத எதுல போடறது?"

கடைசிப் பெயர்

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று மாதம் பார்ப்பார்களாம். பெரட்டுக் களத்தில் தகரக் கூரைக்குக் கீழே எனக்கு ஒரு நாற்காலி. நான் கூப்பிடுவேன், குமரேசன் எழுதுவார். முதல் நாள் பனி இறங்கி எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். ஆஜர், ஹாடிர், ஹாஜிர். ரொஃபிகுல் தனியாக, ஷொஃபிகுல் தனியாக. பனிக்குள்ளிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

பெரட்டில் கிராணி தன் பெயரைக் கூப்பிடும் வழக்கமில்லை. அன்றைக்குக் கூப்பிட்டேன். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. குமரேசன் பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதில் நான்தான் சொல்ல வேண்டும். அதற்குள் பனிக்குள்ளே வரிசையிலிருந்து ரொஃபிகுல் குரல் கொடுத்தான்.

"ஹாஜிர், கிராணி! வாய் வந்தாச்சு!"

மூன்று மாதம் கழித்து என்னை அனுப்பும் கடிதம் வந்தாலும் வரலாம், ஆனால் அதில் ஓர் எழுத்துப் பிழையாவது இருக்கும், அதைத் திருத்திக் கொடுக்க என் விரல்களுக்குக் குறைந்தது இன்னும் மூன்று மாதம் பிடிக்கும்.