மல்பெரி மரத்துக்கு வலப்பக்கம்

"ஏன்னா, கெட்டவனா நடிக்கிறவனுக்கு மூஞ்சி முக்கியமில்ல. காலுதான் முக்கியம்," என்றார் ஸ்டெர்யோஸ்.

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. காபிக்கடையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த பேச்சு மத்தி மீனைப் பற்றியது.

"மத்திக்கு ஏதுய்யா காலு?" என்றார் எதிர் மேசையில் இருந்த பந்தெலிஸ்.

"நேத்து படத்துல வந்த கடத்தல்காரனச் சொல்றேன். அவன் நின்ன நிப்பப் பாத்தியா? பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறான். கொல பண்ண வந்தவன் ரெண்டு கால்லயும் சமமா நிக்கமாட்டான். ஒரு கால்ல கனம் இருக்கும்."

"நான் எங்க பாத்தேன்? அவன் உம் பக்கம்ல நின்னான்."

"அதான். சங்கதி இருக்கிறதெல்லாம் எம் பக்கந்தான் நடக்கும்," என்று சொல்லிவிட்டு ஸ்டெர்யோஸ் ஒரு சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்து, தொலியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பது ஒரு மரத்தால் வந்த வினை. கிரேக்க நாட்டுக் கவாலா ஊரின் மேட்டுத் தெருவில் 'ரோதியா' என்று ஒரு திறந்தவெளி சினிமாக் கொட்டகை. வெள்ளையடித்த சுவர்தான் திரை. சரளைக்கல் தரையில் நாற்காலிகள். திரைக்குக் கொஞ்சம் முன்னால், நட்ட நடுவில், குடை விரித்தாற்போல ஒரு மல்பெரி மரம். நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கிளைக்கு அடியில் முழுத்திரையும் தெரியும். இரண்டு பக்கமும் இருக்கும் மாடி வீட்டுப் பால்கனிக்காரர்களுக்குத்தான் சிக்கல். வலப்பக்க வீடுகளுக்குத் திரையின் வலப்பாதி தெரியும், இடப்பக்கத்துக்கு இடப்பாதி. மீதியெல்லாம் இலை.

கொட்டகைக்காரர் ஸீசிஸ் அந்த மரத்தில் கத்தி படவிட்டதில்லை. "வெட்டினா ரெண்டு பக்கமும் ஓசியில முழுப்படம் பாக்கும். இப்ப பாதிதான பாக்குதுங்க," என்பார்.

பாதி பார்த்தால் வாய் சும்மா இருக்குமா. ஒவ்வொரு படத்துக்கும் மறுநாள் காலையில் காபிக்கடையில் தீர்ப்பு உண்டு. வலப்பக்கத்தின் வாய் ஸ்டெர்யோஸ். இடப்பக்கத்தின் வாய் கண்ணாடி வெட்டும் பந்தெலிஸ். ஒருமுறை ஒரு காதல் படம் வந்தது. புருஷன் ஓடிப்போய்விட்டதால் தனியாகப் புலம்பும் பெண்ணின் கதை என்று ஸ்டெர்யோஸ் அடித்துச் சொன்னார். ஒரு முட்டாள் மரத்தைக் காதலிக்கும் கதை என்றார் பந்தெலிஸ். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு தெருவுக்கும் பேச்சு இல்லை. வெளிநாட்டுப் படமாக இருந்தால் இன்னும் மோசம். அடியில் ஓடும் எழுத்தில் இடப்பக்கத்துக்கு வாக்கியத்தின் தலை கிடைக்கும், வலப்பக்கத்துக்கு வால்.

ஸ்டெர்யோஸுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. கவாலாவில் பாதிப் பால்கனிகளுக்கு வெயில்மறைப்புத் துணி கட்டியவர் அவர். எந்தப் பால்கனியிலிருந்து எது தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி. "கீழ நாற்காலியில உக்காந்தவன் படம் பாப்பான். எல்லாத்தையும் காட்டிட்டா அப்புறம் யோசிக்க என்ன இருக்கு? மாடியில இருக்கிறவன்தான் படத்த ஆராய்வான்," என்பார். நடிப்பு, கதை, வீட்டுக்குள் போட்டிருக்கும் மேசை நாற்காலி வரைக்கும் ஆராய்வார். ஏழை வீட்டில் புதுத் திரைச்சீலை தொங்கினால் அந்தப் படம் அன்றோடு தீர்ந்தது. கவாலாவில் அவர் கையில் அடிபடாத நடிகன் இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடவுள் ஒரு நடிகனையே மருமகனாகக் கொடுத்தார்.

மகள் லெமோனியா ஏதென்ஸில் இருக்கிறாள். அவள் புருஷன் ஆர்கிரிஸ் நாடகத்தில் கதவு திறப்பவனாக, சினிமாவில் பிணமாக, விளம்பரத்தில் தயிர் தின்பவனாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தக் கோடையில் இருவரும் நாற்பது நாள் கழிந்த பெண் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் முழுக்க இருப்பதாகத் திட்டம். குழந்தைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, அதனால் பேர் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வெறும் 'பேபா'.

பேபா வந்த நாள் முதல் ஸ்டெர்யோஸ் தொழிலுக்குப் போகவில்லை. ஊரில் பாதிப் பேர் வெயிலில் காய்ந்தார்கள். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் பார்ப்பவர்களை எல்லாம் நிறுத்தி, "துப்பு, துப்பு," என்பார், கண் படாமல் இருக்க. அவர்கள் தூ தூ தூ என்று துப்பிவிட்டுப் போவார்கள். கொட்டாவி விட்டாள் என்று காபிக்கடைக்கு ஓடிவந்து சொன்னார். ஏப்பத்தை நடித்துக் காட்டினார். "என்ன ஒரு முகபாவம், என்ன ஒரு நிதானம். அந்த வயசுல எவன்யா இப்படி ஏப்பம் விட்டான்," என்றார். தன் வாழ்க்கையில் அவர் நிபந்தனையில்லாமல் பாராட்டிய ஒரே நடிப்பு அதுதான்.

அந்த வாரம் ஸீசிஸ் சுவரொட்டி ஒட்டினார். ஆர்கிரிஸுக்கு முதன்முதலாகப் பேசும் வேஷம் கிடைத்த படம். ஏதென்ஸில் சக்கைப்போடு போட்ட போலீஸ் கதை. கோயில் வெள்ளி விளக்கு திருடு போகிறது. சாட்சி சொல்ல வந்த ஒருத்தன்தான் திருடன். அந்தத் திருடன் ஆர்கிரிஸ்.

படம் வருகிற அன்று சாயங்காலம் லெமோனியா அப்பாவின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு காபிக்கடையில கொஞ்சம் பாத்துப் பேசு."

"நான் எப்பவும் பாத்துத்தான பேசறேன்?"

"பாதி பாத்துப் பேசற. அவரு ராத்திரி தூங்கல, தெரியுமா? உனக்குப் பிடிக்குமான்னு கேட்டுக்கேட்டு என் உயிர எடுக்கிறாரு. மத்தவங்களக் கிழிக்கிற மாதிரி அவர நாலு பேர் முன்னால கிழிச்ச, அடுத்த பஸ்ஸுல பேபாவத் தூக்கிக்கிட்டு ஏதென்ஸ் போயிடுவேன். ஆகஸ்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அப்ப பொய் சொல்லச் சொல்றியா?"

"வாய மூடிக்கிட்டு இருன்னு சொல்றேன்."

"அது பொய்ய விடக் கஷ்டம்டி," என்றாள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி எவாந்தியா.

இருட்டியதும் எவாந்தியாவும் மகளும் மருமகனும் கீழே நாற்காலிக்குப் போனார்கள். கீழே சிகரெட் புகை, பேபாவுக்கு ஒத்துக்காது என்று ஸ்டெர்யோஸ் குழந்தையோடு மாடியிலேயே நின்றுகொண்டார். தர்பூசணி, ஃபெத்தா சீஸ், ஒரு கைப்பிடி விதை, மடியில் பேத்தி. இதைவிட நல்ல இருக்கை உலகத்தில் கிடையாது.

படம் ஓடியது. ஆர்கிரிஸ் வரவில்லை. போலீஸ் அதிகாரி வந்தார், கோயில் வந்தது, கழுதை வந்தது. இடைவேளைக்குப் பிறகு ஓர் அறை. அறையில் ஒரு மேசை. மேசையின் வலப்பக்கம் போலீஸ் அதிகாரி உட்கார்ந்தார். இடப்பக்கம் மல்பெரி மரம்.

கடைசி வரைக்கும் அந்த அறைதான். அதிகாரி கேட்பார், மரம் பதில் சொல்லும், மருமகன் குரலில். அவ்வப்போது இலைக்கு வெளியே ஒரு முழங்கை வந்து போனது. கீழே கூட்டம் திடீர் திடீரென்று சிரித்தது. எதிர்ப்பக்கப் பால்கனிகள் குலுங்கின. ஸ்டெர்யோஸ் கழுத்தை நீட்டினார், கம்பியில் தொற்றினார், இலைதான் தெரிந்தது.

"வசனம் சரியில்ல பேபா," என்று குழந்தையிடம் சொன்னார். "எழுதினவனுக்கு மனுசங்க பேச்சே தெரியல. இப்படி எவன் பேசுவான்?"

பேபா ஏப்பம் விட்டாள்.

மறுநாள் காலையில் காபிக்கடையில் உட்கார இடமில்லை. இரண்டு தெருவும் வந்திருந்தது. ஆர்கிரிஸ் ஓரத்தில் காபியைக் குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

முதலில் பேசியது பந்தெலிஸ். "உம் மருமகன்தான்யா கதாநாயகன். என்னா நடிப்பு. எதிர்ல எவனோ ஒரு போலீஸ்காரனாம், மரத்துக்குப் பின்னால உக்காந்து கத்திக்கிட்டே இருந்தான். அவன யாரு பாத்தா?" சொல்லிவிட்டு ஏனோ சிரிப்பை அடக்க முடியாமல் காபிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

எல்லோரும் ஸ்டெர்யோஸைப் பார்த்தார்கள். அவருக்கு வேர்த்தது. நன்றாக இருக்கிறது என்றால் பந்தெலிஸ் சொன்னதற்குத் தலையாட்டினதாக ஆகும். அது ஜென்மத்தில் நடக்காத காரியம். மோசம் என்றால் பேபா பஸ் ஏறிவிடுவாள். தவிர, பார்த்தது ஒரு முழங்கை.

"ரெண்டாவது தடவ பாக்கணும்," என்றார்.

எந்தப் படத்தையும் அவர் இரண்டாவது தடவை பார்ப்பதாகச் சொன்னதில்லை. சாவு வீட்டில் துக்கம் கேட்பதுபோல் ஒருத்தர் ஆர்கிரிஸின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

மத்தியானத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது: சொந்த மாமனாராலேயே ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லையாம், அவ்வளவு கேவலமாம். ஸ்டெர்யோஸ் வீட்டுக்கு வந்தபோது லெமோனியா பெட்டியைத் திறந்து வைத்துக் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலியே," என்றார்.

"உன் ஆயுசுல நீ ஒண்ணும் சொல்லாம இருந்தது இன்னிக்குத்தான். அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும்."

ஆர்கிரிஸ், "விடு லெமோனியா, மாமாவுக்குப் பிடிக்கலன்னா பிடிக்கல," என்று பால்கனிக்குப் போய்விட்டான். தொட்டிலில் பேபா இரண்டு கால்களையும் ஆட்டிக்கொண்டு கிடந்தாள். ஸ்டெர்யோஸ் அந்தக் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நல்ல சட்டையை எடுத்து மாட்டினார்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த ஸீசிஸ் எழுந்தே விட்டார். "என்ன ஸ்டெர்யோ, வீட்ல தீ கீ பிடிச்சிடுச்சா?"

"டிக்கெட்டக் குடுய்யா. நடு வரிசை."

அவர் நாற்காலியில் உட்காருவதை இரண்டு பக்கத்துப் பால்கனிகளும் எழுந்து நின்று பார்த்தன. எவாந்தியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், சாட்சிக்கு. விளக்கு அணைந்தது. முழுத்திரையும் தெரிந்தது. என்ன அகலம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. எந்த மூலையைப் பார்ப்பது என்றே புரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அந்த அறை வந்தது. மேசைக்கு இடப்பக்கம் மருமகன் உட்கார்ந்திருந்தான். கால்சட்டையை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். மூக்குக் கண்ணாடியை விரலால் ஏற்றாமல் மணிக்கட்டால் தள்ளினான். அதிகாரி இன்னும் வாயே திறக்கவில்லை.

"ஏன்னா, அந்த விளக்கு எங்கூட்டுப் பக்கமே வரல," என்றான் திருடன்.

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலியே," என்றார் அதிகாரி.

கூட்டம் சிரித்தது. திருடன் விதையைப் பல்லில் உடைத்தான். கோயிலின் ஜன்னலை ஆராய்ந்தான், பூட்டைப் பழித்தான், பாதிரியார் மணி அடிக்கும் லட்சணத்தைக் கிழித்தான். ஒருத்தரும் கேட்காத ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லித் தானே போய் மாட்டிக்கொண்டான். பேசும்போது தொலியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

நாற்காலியில் ஸ்டெர்யோஸின் கை, விதைத் தொலியோடு, பாதி வழியில் நின்றது. சட்டைப் பைக்கு இன்னும் ஒரு சாண் இருந்தது.

நிமிர்ந்தார். கொட்டகையில் யாரும் திரையைப் பார்க்கவில்லை. முன் வரிசை திரும்பி அவரைப் பார்த்தது. இடப்பக்கப் பால்கனியில் பந்தெலிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் படியேறும்போது மெதுவாகக் கேட்டார். "எவாந்தியா, நான் தொலிய சட்டப் பையிலயா போடறேன்?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து அந்தப் பையத் துவைக்கிறவ நான்தான். என்னக் கேளு."

அதற்குமேல் அவர் பேசவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

விடிந்ததும் காபிக்கடை நிரம்பிவிட்டது. ஸீசிஸ்கூட வந்திருந்தார். லெமோனியா குழந்தை வண்டியோடு வாசலில் நின்றாள், பெட்டி வீட்டில் மூடித் தயாராக இருந்தது. ஸ்டெர்யோஸ் வந்து தன் இடத்தில் உட்கார்ந்ததும் ஆர்கிரிஸ் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, உங்கள கேலி பண்ணணும்னு இல்ல. அந்த வேஷத்துக்கு எனக்கு வேற ஆள் யாரையும் தெரியல. மனசுல நீங்க மட்டுந்தான்—"

ஸ்டெர்யோஸ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். வாசலைப் பார்த்து, "குழந்தையக் குடு," என்றார்.

லெமோனியா வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, பேபாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் தூ தூ தூ என்றார். பேபா அவருடைய சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள், உள்ளே தொலி சரசரத்தது.

"பையன் நல்லா நடிச்சிருக்கான்," என்றார். கடையில் பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். "அந்தக் கை, அந்தக் கண்ணாடி, உக்காந்த விதம், ஒண்ணுத்தையும் குத்தம் சொல்ல முடியாது. நானே சொல்றேன். அதுவும் பந்தெலிஸ் சொன்னதுக்காக இல்ல, நாற்காலியில உக்காந்து முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்."

ஆர்கிரிஸ் காபியை ஒரே மடக்கில் குடித்தான். லெமோனியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு காபி சொன்னாள், ஆகஸ்ட் முழுக்க இருப்பவள் மாதிரி. பந்தெலிஸ் மறுபடியும் மத்தி மீன் பேச்சை எடுத்தார், விலை ஏறிவிட்டதாம்.

ஸ்டெர்யோஸ் ஒரு விதையை உடைத்தார். தொலியைப் பைக்குள் போட்டார். குழந்தையின் தலைக்கு மேலே கடை முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஏன்னா, நடிப்புல கோளாறு இல்ல, எழுதினதுலதான் கோளாறு. அந்தத் திருடன் பாத்திரம் கொஞ்சமும் நம்புற மாதிரி இல்ல. கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்ற மனுசன் நெசத்துல எங்கய்யா இருக்கான்?"