உப்புக்கோச்சியின் முன்னால் நின்றவர்

அண்டமெல்லாம் ஒரு கையில் ஏந்தியவளே, கடல்நீரையே தீர்த்தமாக ஏற்று எங்கள் வயல்வெளிகளைக் காத்து நிற்கும் அம்மையே, உன் சந்நிதியில் நான் இழைத்த பிழை ஒன்றைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத இயலாது. என்னைக் காப்பாற்றும் பொருட்டு உண்மை வளையாதிருக்க நீயே என் சொல்லுக்கு முன்னின்று அருள்வாயாக.

சென்ற வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து நடை சாத்தும் வேளையில், மீரா நானாவின் மருமகன் மோட்டார் சைக்கிளில் வந்தார். வெளிவீதியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "மாமா மௌத்தாப் போனார், ஐயா. ஜும்மாவுக்குப் பிறகு அடக்கம்" என்றார். கோபுரத்துக்கு மேல் தென்மேற்குப் பருவத்தின் சோளகக் காற்று இரைந்துகொண்டிருந்தது. இரங்கல் மொழிக்கு முன்னதாக என் வாயில் வந்த கேள்வி வேறு. "இண்டைக்குச் சரக்குக்கோச்சி வருதோ, தம்பி?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை, அவரை அறிந்த அன்பர்களாகிய நீங்கள் உணர்வீர்கள். அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கரையோர உப்பளத்திலிருந்து எங்கள் ஊரைத் தொட்டு, உயிலங்குளத்துக்கு அப்பால் பெரிய பாதையில் போய்ச் சேரும் சிறு புகையிரதப் பாதை ஒன்று முன்பு இருந்தது. அதில் பயணிகள் ஏறியதே இல்லை. உப்பும் நெல்லுமே ஏறின. ஊரார் அதை உப்புக்கோச்சி என்றார்கள். உப்பள முனையில் எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவரத் துணைத் தண்டவாளம் கிடையாது. ஆதலால் கடலை நோக்கிப் போகும்போது எஞ்சின் பின்னால் நின்று வெற்று வாகன்களைத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது நிறை வாகன்களை இழுத்துக்கொண்டு வரும். தள்ளிப் போகையில் முதல் வாகனின் விளிம்பில் ஒரு கார்ட் கொடியும் விசிலுமாக அமர்ந்திருப்பார். அந்தக் கார்ட்தான் மீரா நானா.

போர் வந்தது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. சிலிப்பர்கட்டைகளும் மண்ணுக்குள் போயின. அதற்கிடையில் ஒருநாள் மீரா நானாவின் சனங்கள் அனைவரும் ஆளுக்கொரு பையோடு ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அவ்வளவுதான் செய்தோம். பின்னர் எங்களுக்கும் அதே வழி நேர்ந்தது.

மீள்குடியேற்றத்தில் நாங்கள் வந்து சில மாதங்களில், புத்தளத்திலிருந்து அவரும் வந்தார். முதல் வேலையாகப் பழைய பாதையின் மண்மேட்டைத் தேடிக்கொண்டு எங்கள் கோயிலடிக்கு வந்தார். மணியாக நாங்கள் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைக் கண்டு நின்றார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"மணியம், இது என்ர றெயில் எல்லோ?" என்றார். கோயில் காரியங்களைப் பார்ப்பதால் என்னை எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"உங்கட றெயில்தான். இப்ப அம்மனுக்கு வேலை செய்யுது" என்றேன்.

"ஓம், செய்யட்டும். பென்சன் மட்டும் எனக்கு வரட்டும்."

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. மண்மேட்டின் மீது விறகோடும் ஆடுகளோடும் பெண்கள் வரிசையாக நடந்து வருவதை அவர் கண்டார். மேட்டின் இருமருங்கிலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. கண்ணிவெடி அகற்றியவர்கள் முதலில் துப்புரவாக்கியது அந்த மேட்டைத்தான். ஆகவே ஊரின் தெருவும், பள்ளிக்கூடப் பாதையும், சுடலைக்குப் போகும் வழியும் அதுவாகவே ஆகிவிட்டன. "அதில நடந்தால் நெஞ்சு பதறாது" என்பார்கள் பெண்கள்.

"கோச்சி திரும்ப வந்தால் இதுகள் எங்க போகும்?" என்று அவர் கேட்டார். வரும்போது பார்ப்போம் என்றேன்.

வந்தது. பெரிய பாதையைப் புதுப்பிக்கும் வேலைக்காரர் உப்பள முனையில் தளவாடங்களைக் குவிக்க விரும்பினார்கள். அதற்காக எங்கள் சிறு பாதையில் தண்டவாளம் மீண்டும் படுத்தது. கருங்கல் ஏற்றிய வாகன்களைப் பழையபடியே எஞ்சின் பின்னால் நின்று தள்ளியது. ஆனால் முதல் வாகனில் கார்ட் இல்லை. வண்டி வரும் நேரத்தைச் சொல்ல நேரசூசியும் இல்லை. ஊர்ச்சனம் மேட்டை விட்டு இறங்கவும் இல்லை. "சத்தம் கேட்டால் விலத்துவம்தானே" என்றார்கள்.

அவர் என்னைத் தேடி வந்தார். கோயில் வயலின் பெரிய வரம்பும் கண்ணிவெடி பார்த்துத் துப்புரவாக்கிய நிலம்தான். அதை ஊருக்குப் பாதையாகத் திறந்துவிடும்படி கேட்டார். நான் கற்ற ஆகமமெல்லாம் என் நாவில் வந்து நின்றன. நிவேதனத்துக்கு நெல் விளையும் மண்ணில் செருப்பும் ஆட்டுப்புழுக்கையும் படலாகாது என்றேன்.

"சரி. அம்மன்ர வயல். அம்மன்ர பிள்ளையள் எதில நடக்கிறது?" என்றார்.

"கோச்சிச் சத்தம் ஒரு மைலுக்குக் கேக்கும், நானா."

அவர் கடற்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சோளகத்தில கேக்காது, மணியம். காத்து கடலில இருந்து அடிக்கும். சத்தத்தை அள்ளிக்கொண்டு காட்டுக்குள்ள போயிடும். வாகன்தான் முன்னுக்கு வரும், அதுக்கு வாயில்லை. பழைய நாளில ஒரு மனிசி கிழங்குப் பெட்டியோட நடந்தவ. நான் முன்னுக்கு இருந்து விசில் ஊதினனான். ஊதினது எனக்கு மட்டும்தான் கேட்டது."

இதைக் கேட்ட பின்னும் நான் வரம்பைத் திறக்கவில்லை.

ஆடி வெள்ளி வந்தது. எங்கள் அம்மனுக்குக் கடல்நீர் எடுத்துவரும் நாள் அது. அந்தக் குடத்தைச் சுமப்பவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருப்பார். கடற்கரையிலிருந்து கோயில் வாசல் வரை நிற்கலாகாது, குடத்தை இறக்கலாகாது, வழி விலகலாகாது. தரித்து நின்றால் ஊருக்கு ஆகாது என்பது வழிவழி வந்த நியமம். அவ்வருடம் குடம் என் தலையில் இருந்தது. அதன் மேல் செம்பட்டு போர்த்தியிருந்தது. பறை முழங்க, ஊரே பின்னால் வர, மேட்டின் வழியே வந்தோம். சோளகம் எங்கள் முதுகைத் தள்ளியது. முன்னால் உடைமரங்கள் அடர்ந்த வளைவு. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது.

ஜும்மாத் தொழுகை முடித்து வெள்ளை உடுப்போடு அவ்வழியே சைக்கிளில் வந்த மீரா நானா, உடைமரங்களுக்கு மேல் கறுப்புப் புகை சாய்ந்து ஓடுவதைக் கண்டிருக்கிறார். சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி எங்களை நோக்கி ஓடிவந்தார். "இறங்குங்கோ! இறங்குங்கோ!" என்று அவர் கத்தியது பறையில் மூழ்கிப்போயிற்று. நான் அவரைக் கண்டேன். கண்டும் நடந்தேன். நியமம் என் கால்களில் இருந்தது.

அவர் கையை நீட்டிக் குடத்தின் செம்பட்டை உருவினார்.

"குடத்தைத் தொட்டிட்டான்!" என்று ஒருவர் அலறினார். இன்னொருவர் அவர் சட்டையைப் பற்றினார். தொப்பி கீழே விழுந்தது. யாரோ ஓங்கி அறைந்ததும் கேட்டது. அவர் திருப்பி அடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மன் பொறுப்பா, மணியம்! கோச்சி பொறுக்காது!" என்றார். சட்டை கிழிய உதறிக்கொண்டு வளைவை நோக்கி ஓடினார். தண்டவாளத்தின் நடுவே நின்று பட்டை இரு கைகளாலும் விரித்து ஆட்டினார்.

அதன் பிறகே வாகன் வந்தது. ஒரு வீடு நகர்ந்து வருவதுபோல் சத்தமின்றி வந்தது. அவர் பின்னோக்கி நடந்தபடியே பட்டை ஆட்டினார். வளைவின் உட்புறமிருந்த சாரதி அந்தச் சிவப்பைக் கண்டிருக்க வேண்டும். இரும்பு கிறீச்சிட்டது. குடத்துக்கும் முதல் வாகனுக்கும் இடையே ஒரு மாட்டுவண்டி நிற்கும் இடம் எஞ்சியிருந்தது. அந்த இடத்தில்தான் அவர் நின்றார்.

அன்று எங்கள் நியமம் முறிந்தது. நான் குடத்தோடு தரித்து நின்றேன். வழி விலகிக் கீழே இறங்கினேன். ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாமற் போனது அதனால்தான். அறைந்தவர் மறுநாள் அவர் வீட்டு வாசலில் போய் அவர் கையைப் பற்றிக்கொண்டு நின்றபோது, "கையை விடும். முதல் என்னோட இருந்த எஞ்சின் டிறைவரும் இப்பிடித்தான், கோபக்காரன்" என்று சொல்லித் தேநீர் கொடுத்தாராம்.

பட்டைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்து தந்தார். நான் வாங்கவில்லை. "அது உங்கட கொடி" என்றேன். அந்த வாரமே வரம்பையும் திறந்துவிட்டேன்.

ஆயினும் அன்பர்களே, பயம் படிந்த கால் இலகுவில் வழி மாறாது. வெடிப் பலகைகள் எல்லாம் அகன்றுவிட்டன. வரம்பு திறந்தே கிடக்கிறது. பெரிய பாதையின் வேலையும் முடிந்து, சிறு பாதையில் இப்போது எப்போதாவதுதான் சரக்கு வண்டி வருகிறது. எப்போது என்பது ஒருவருக்கும் தெரியாது. இன்றும் பாதிச் சனம் மேட்டில்தான் நடக்கிறது. ஆகவே ஒவ்வொரு சோளகத்திலும் அவர் வளைவில் ஒரு பழைய கதிரையைப் போட்டுப் பகல் முழுவதும் அமர்ந்திருந்தார். யாரும் அவரை நியமிக்கவில்லை.

இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, நோயில் கிடந்தவரைப் பார்க்கப் போனேன். கண்ணைத் திறவாமலே கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம், மணியம்?"

"சோளகம்தான், நானா."

"அப்ப இஞ்ச என்ன செய்யிறியள்? அங்க போய் நில்லுங்கோ."

நோயாளியின் பேச்சென்று சிரித்தேன். நேரே வீட்டுக்குத்தான் வந்தேன்.

அடக்கம் முடிந்து மையவாடி வாசலில் நின்றபோது, மருமகன் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்றார். அந்தச் செம்பட்டுத்தான். மடிப்பின் வெளிப்புறம் வெயிலில் வெளிறியிருந்தது. உட்புறம் குருதிபோல் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே வளைவுக்குப் போனேன். விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் மேட்டில் சிரித்துப் பேசியபடி வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உடைமரங்களுக்கு மேல் பார்த்தேன். புகை சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

பட்டை விரித்தேன். பெண்கள் இறங்கினார்கள். முதல் வாகன் என்னைக் கடந்து போயிற்று. அதன் விளிம்பில் ஒருவரும் இல்லை.

அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் பட்டும், அந்தக் கதிரையும், அந்த வளைவும். எனக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இந்தச் சோளகம் முடியும்வரை நான் அங்கே இருப்பேன். அடுத்த சோளகத்தில் யார் இருப்பார் என்பதை அம்மையே அறிவாள்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் உங்கள் இல்லத்தாருக்கும் அவள் அருள் குறையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நம்பி நடக்கும் வழிகளிலெல்லாம், அவர்கள் காதுக்கு எட்டாததைக் கண்டு சொல்ல ஒருவர் முன்னால் நிற்கட்டும். அவர் கை உங்கள் குடத்தில் பட்டால், அதைப் பற்றித் தடுக்காத தெளிவை அவள் உங்களுக்குத் தருவாளாக.